வீட்டில் ரவை கோத்தலும் பொறி தெரிதலும்

எம் கல்லூரியின் விழா மலரிலே, தமிழாசிரியர் ஒருவரின் பெயரின் கீழ்த் துப்பாக்கி ரவையைப் பற்றிய கட்டுரையைக் காணும் பழைய மாணவர்கள் வியப்படைதல் கூடும். இலக்கணம் பற்றியோ இலக்கியம் பற்றியோ எழுதுதலே எமக்கு இயல்பு. ஆயினும் இப்பொருள் எம் கைக்கு வந்து சேர்ந்த வரலாறு ஒன்றுண்டு. அதனை முதற்கண் கூறிவிடுதல் முறையாகும்.

எம்மிடம் சாதாரண தர வகுப்பிலே தமிழ் கற்ற மாணவர் ஒருவர் இப்பொழுது அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஒகையோ மாநிலத்திலே பொறியியலாளராகத் தொழில் புரிகின்றார். வார இறுதியிலே கைத்துப்பாக்கியாற் குறி பார்த்துச் சுடும் போட்டிகளிற் பங்குபற்றுதல் அவருடைய பொழுதுபோக்கு. அப்போட்டிக்கு வேண்டிய ரவைகளைத் தம் வீட்டிலேயே ஆக்கிக்கொள்கின்றார். இம்மலருக்குக் கட்டுரை வேண்டுமென யாம் கேட்டபோது, "சேர், எனக்கு எழுத வராது. நான் செய்வதைச் சொல்லுகின்றேன். அதற்குத் தமிழ்ச் சொற்களை இட்டு நீங்களே எழுதிவிடுங்கள். எந்தப் பொறியை வாங்குவது என்று தெரியாமல் நான் பட்ட பாடு வேறு எவரும் படக்கூடாது" என்றார். அவர் சொன்னவற்றைக் கேட்டறிந்தும், ஐயுற்ற இடங்களை மீண்டும் மீண்டும் வினாவித் தெளிந்தும் இதனை எழுதுகின்றோம்.

ரவை என்னும் சொல்லை எழுதும்போது எம் நெஞ்சு ஒரு கணம் தயங்கவே செய்கிறது. 1983ஆம் ஆண்டு முதல் 2009ஆம் ஆண்டு வரை இந்நாட்டைப் பிடித்திருந்த போரினுள்ளே பிறந்து வளர்ந்த தலைமுறை எம்முடையது. மைதானத்திலே கிடந்த வெற்றுக் கோதுகளைப் பொறுக்கி, வாயில் வைத்து ஊதி விளையாடினோம். தேய்ந்து குறுகிய பென்சிற் கட்டையை அக்கோதிலே செருகி நீட்டிக்கொண்டு கணக்குச் செய்தோம். கோதைக் கண்டால் எமக்கு நினைவுக்கு வருவன இவையும் இவற்றினுங் கொடியனவுமே. உலகின் வேறொரு பகுதியில், அதே பித்தளைக் கோது, ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஒருவர் தம் பணிமேசையிலே பொறுமையோடு செய்யும் நுண்பணிக்குரிய பொருளாக இருக்கின்றது என்பதை ஏற்றுக்கொள்ள எமக்குச் சிலகாலம் சென்றது. அப்பணி எத்தகையது என்பதை அறிந்தபின், அதிலே எம் மாணவர்க்குச் சொல்லத்தக்க பாடம் ஒன்றும் இருக்கக் கண்டோம்.

மற்றொன்றும் ஈண்டுக் கூறல் வேண்டும். எம் நாட்டிலே துப்பாக்கியும் ரவையும் வெடிமருந்தும் அனுமதிப்பத்திரத்திற்கு உட்பட்டவை. 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டமும் 1956ஆம் ஆண்டின் வெடிபொருட் சட்டமும் இவற்றை ஆள்வன. அமெரிக்காவிலோ, ஒருவர் தம் சொந்தப் பயனுக்கு ரவை கோத்தற்கு நடுவண் அரசின் உரிமம் வேண்டுவதில்லை; விற்பனைக்குச் செய்தற்கே உரிமம் வேண்டும். ஆதலின் இக்கட்டுரை அந்நாட்டு வழக்கத்தை அறிதற்பொருட்டு எழுதப்பட்டதே அன்றி, இங்குச் செய்து பார்த்தற்பொருட்டு எழுதப்பட்டதன்று.

ரவையின் உறுப்புகள்

கைத்துப்பாக்கி ரவை ஒன்றுக்கு நான்கு உறுப்புகள் உள. முதலாவது கோது. இது பித்தளையாலான சிறு குவளை. இரண்டாவது, கோதின் அடியிலே நடுவிற் பொருத்தப்படும் தீமூட்டி. நம் நாட்டார் கேப்பு என்பதன் இனத்தது. துப்பாக்கியின் ஊசி இதனை அடிக்கும்பொழுது பொறி பறக்கும். மூன்றாவது, கோதினுள்ளே இடப்படும் புகையற்ற மருந்து. நான்காவது, கோதின் வாயை அடைத்து நிற்கும் சன்னம். சுட்டவுடன் சன்னம் பறந்துபோகின்றது; மருந்து எரிந்துபோகின்றது; தீமூட்டி செயலற்றுப்போகின்றது. கோது மட்டும் எஞ்சி வெளியே விழுகின்றது. நான்கு உறுப்புகளுள் விலை மிகுந்த அக்கோதினைப் பலமுறை மீண்டும் பயன்படுத்தலாம் என்பதே இத்தொழிலின் அடிப்படை.

தீமூட்டியிலே இருவகை உண்டு. ஒன்று எட்வேட் பொக்சர் என்னும் ஆங்கிலேயர் பெயராலும், மற்றையது ஹைரம் பேர்டன் என்னும் அமெரிக்கர் பெயராலும் வழங்குவன. இரண்டும் 1860களிலே தோன்றின. பொக்சர் முறைக்குரிய கோதின் அடியிலே நடுவில் ஒரே துளை உண்டு. மெல்லிய ஊசி ஒன்றை அதன் வழியே செலுத்திப் பழைய தீமூட்டியை எளிதில் தள்ளிவிடலாம். பேர்டன் முறைக்குரிய கோதிலே நடுத்துளை இல்லை. ஆதலின் அது மீள்கோப்புக்கு எளிதன்று. ஆங்கிலேயர் கண்ட முறை அமெரிக்காவிலே நிலைபெற்றதும், அமெரிக்கர் கண்ட முறை ஐரோப்பாவிலே பெரிதும் பரவியதும் வரலாற்றின் விந்தையாகும். அமெரிக்காவிலே வீட்டுக்கு வீடு ரவை கோக்கும் வழக்கம் வேரூன்றியதற்கு இந்நடுத்துளையும் ஒரு காரணம் எனலாம்.

மருந்தின் அளவைக் கிறெயின் என்னும் நிறையாற் கணிப்பர். அது பண்டு வாற்கோதுமை மணியை அடிப்படையாகக் கொண்டு எழுந்த அளவை. ஓர் இறாத்தலுக்கு 7000 கிறெயின்; ஒரு கிறெயின் ஏறத்தாழ 65 மில்லிகிராம். நம் முன்னோர் பொன்னை நிறுத்த குன்றிமணி ஒன்று இரண்டு கிறெயினுக்குச் சற்றுக் குறைவானது. கைத்துப்பாக்கி ரவைகள் பலவற்றுக்கு வேண்டிய மருந்து பத்துக் கிறெயினுக்கும் குறைவு. அஃதாவது சில குன்றிமணிகளின் எடையே. இச்சிற்றளவை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்வாராக. பின்னர்ச் சொல்லப்போகும் தீங்குக்கெல்லாம் மூலம் இதுவே.

வீட்டிலே கோப்பது ஏன்?

கடையிலே ரவை கிடைக்கும்போது வீட்டிலே கோப்பானேன் என வினவலாம். செலவு குறையும் என்பது பலரும் கூறும் விடை. ஆயின் எம் மாணவர், "செலவு குறையவில்லை, சேர், அதே காசுக்குக் கூடச் சுடுகின்றேன், அவ்வளவுதான்" என்று சிரித்தார். 2020ஆம் ஆண்டை ஒட்டிய கொள்ளை நோய்க் காலத்திலே அமெரிக்காவில் ரவைக்கும் தீமூட்டிக்கும் பெருந்தட்டுப்பாடு நேர்ந்தது. முன்னரே உறுப்புகளைச் சேமித்து வைத்திருந்தோர் அக்காலத்திலும் பயிற்சியை விடாது தொடர்ந்தனர் என்பது மற்றொரு காரணம்.

போட்டியாளர்க்கோ வேறொரு நோக்கமும் உண்டு. 1976ஆம் ஆண்டு மிசூரி மாநிலத்துக் கொலம்பியா நகரிலே நிறுவப்பட்ட அனைத்துலகச் செயன்முறைச் சூட்டுக் கூட்டமைப்பின் வழிவந்த போட்டிகளிலே, ரவையின் வலுவுக்கு ஒரு கீழெல்லை வகுத்திருக்கின்றனர். சன்னத்தின் நிறையைக் கிறெயினிலும், அதன் வேகத்தை விநாடிக்கு இத்தனை அடி என்றும் கொண்டு, இரண்டையும் பெருக்கி 1000 ஆற் பிரித்தால் வருவது வலுவெண். சிறு வலுப் பிரிவுக்கு இது 125 ஆவது இருத்தல் வேண்டும். 147 கிறெயின் சன்னம் விநாடிக்கு 870 அடி சென்றால் வலுவெண் 127.9 ஆகும். எல்லையைக் கடந்தும் கடவாமலும் இருப்பதுபோன்ற இந்த அளவிலே துப்பாக்கி கையில் மெல்லென உதைக்கும். அடுத்த குறிக்கு விரைந்து திரும்பலாம். கடையில் விற்கும் ரவை பெரும்பாலும் இதனினும் வலிது. தம் கைக்கும் தம் துப்பாக்கிக்கும் பொருந்திய ரவையைத் தாமே ஆக்கிக்கொள்ளுதல் போட்டியாளர் பலர்க்கு முதன்மையான காரணமாகும்.

செய்முறை

ரவை கோக்கும் பொறி எத்தகையது? இடியப்ப உரலை அறியாதார் நம்முள் இலர். உரலினுள் மாவை இட்டு மேலிருந்து அழுத்த, அடியிலுள்ள அச்சின் துளைகளுக்கேற்ப மா வடிவு பெறுகின்றது. இப்பொறியும் அதன் இனமே. ஆனால் இங்கே அச்சு மேலே நிலையாக இருக்கும். கைப்பிடியைக் கீழே இழுக்கத் தண்டு ஒன்று கோதை ஏந்தி மேலெழுந்து அச்சினுள்ளே புகுத்தும். கோதுக்கு வேண்டிய வடிவை அச்சுத் தரும்.

செய்யவேண்டிய கருமங்கள் வரிசையாக இவை: சுடும்போது விரிந்த கோதை முதலளவுக்குச் சுருக்குதலும் பழைய தீமூட்டியைத் தள்ளுதலும், புதிய தீமூட்டியைப் பொருத்துதல், சன்னம் அமர்தற்பொருட்டுக் கோதின் வாயைச் சிறிது விரித்தல், மருந்தை அளந்து இடுதல், சன்னத்தை உரிய ஆழத்துக்கு இருத்துதல், விரித்த வாயை மீண்டும் ஒடுக்குதல். துப்பாக்கிக் கோது பொதுவாக நேர்ச்சுவருடையதாதலின், தங்குதன் காபைட்டு என்னும் வலிய பொருளாற் செய்த அச்சைப் பயன்படுத்தினால் எண்ணெய் பூசாமலே சுருக்கலாம். கழுத்துக் குறுகிய நெடுந்துப்பாக்கிக் கோதுக்கு எண்ணெய் பூசியே தீரவேண்டும். கைத்துப்பாக்கி ரவையை விரைவாகக் கோக்க முடிவதற்கு இதுவும் காரணம்.

மூவகைப் பொறிகள்

பொறிகள் மூவகைப்படும். ஒருநிலைப் பொறியிலே ஒரு காலத்தில் ஓர் அச்சே பொருத்தப்படும். நூறு கோதுகளையும் முதலிற் சுருக்கி முடித்து, அச்சை மாற்றி, நூறின் வாயையும் விரித்து, இவ்வாறே ஒவ்வொரு கருமமாகச் செய்துபோதல் வேண்டும். நூறு ரவைக்கு நானூறு தடவையாவது கைப்பிடியை இழுக்க நேரும். மருந்திட்ட கோதுகள் யாவும் பலகையிலே வரிசையாக நிற்கும். விளக்கைப் பிடித்து ஒவ்வொன்றன் உள்ளேயும் பார்க்கலாம்.

சுழல்தலைப் பொறியிலே நான்கு அச்சுகள் ஒரு வட்டத் தலையிலே ஒருங்கு பொருத்தப்பட்டிருக்கும். கோது ஒன்றே நிற்கும். அச்சுகள் அதன்மேற் சுழன்று வரும். நான்கு இழுப்பில் ஒரு ரவை முடியும்.

தொடர்நிலைப் பொறி இவ்விரண்டினும் வேறுபட்டது. இங்கே அச்சுகள் நிலையாக நிற்க, கோதுகள் ஒரு வட்டத் தட்டிலே அமர்ந்து ஒவ்வோர் அச்சின் கீழாகவும் நகர்ந்து செல்லும். கோயில் அன்னதானப் பந்தியை நினைத்துக்கொள்க. ஒருவர் சோறும், அடுத்தவர் பருப்பும், அதற்கடுத்தவர் கறியும் இட, இலைகள் அவர்முன் நகர்ந்து செல்வதாகக் கொண்டால் அதுவே இப்பொறி. கைப்பிடியை ஒருமுறை இழுத்தால், ஓரிடத்திலே ஒரு கோது சுருங்குகின்றது. அதே நேரத்தில் இன்னோரிடத்தில் மருந்து விழுகின்றது. மற்றோரிடத்திற் சன்னம் அமர்கின்றது. தட்டு நிறைந்தபின் ஒவ்வோர் இழுப்புக்கும் முடிந்த ரவை ஒன்று பெட்டியில் விழும். நூறு ரவைக்கு நூற்றுச்சொச்சம் இழுப்பே போதும். ஒருநிலைப் பொறியில் மணிக்கு ஐம்பது முதல் நூறு வரை செய்பவர், இதனில் நானூறும் அதற்கு மேலும் செய்தல் இயலும்.

இத்தகைய பொறி அமெரிக்காவிற் புதியதன்று. 1930களிலேயே கலிபோர்ணியாவின் சான் டியேகோ நகரிலிருந்து ஸ்ரார் என்னும் பெயருடைய தொடர்நிலைப் பொறி வெளிவந்தது. பின்னர் அரிசோனாவின் டில்லன், நெபிறாஸ்காவின் ஹோர்ணடி, விஸ்கொன்சினின் லீ முதலிய நிறுவனங்கள் இதனை வீட்டார் கைக்கெட்டச் செய்தன. 1943இல் கலிபோர்ணியாவின் ஓரோவில் நகரிலே தொடங்கிய ஆர்.சி.பி.எஸ். நிறுவனமோ ஒருநிலைப் பொறிக்கே பெரும்புகழ் பெற்றது.

அன்றிரவு நிகழ்ந்தது

எம் மாணவர் தொடக்கத்திலேயே தொடர்நிலைப் பொறியை வாங்கினார். "ஒரு மணித்தியாலத்திலே எத்தனை வரும் என்ற ஒன்றைத்தான் பார்த்தேன்" என்றார். சில திங்கள் யாதும் இடரின்றிச் சென்றது.

ஓரிரவு அவர் கோத்துக்கொண்டிருந்தபோது, மருந்தின் அளவு சரியோ எனச் சோதிக்க எண்ணி, மருந்து விழுந்த கோது ஒன்றைத் தட்டிலிருந்து எடுத்தார். மருந்தைத் தராசிலே கொட்டி நிறுத்தார். அளவு சரியாக இருந்தது. மருந்தை அதன் கலத்திலே திருப்பி ஊற்றினார். அவ்வேளை தொலைபேசி ஒலித்தது. பேசி முடித்து வந்து, வெறுங்கோதை அது முன்னிருந்த இடத்திலேயே வைத்துக் கைப்பிடியை இழுத்தார். தட்டு நகர்ந்தது. மருந்து இடும் நிலையைக் கடந்துவிட்ட அக்கோதின்மேல் சன்னம் அமர்ந்தது. ஏனைய ரவைகளோடு ஒன்றாக அதுவும் பெட்டியில் விழுந்தது. பந்தியிலே ஓர் இலையை எடுத்து, இட்ட கறியைக் கொட்டிவிட்டு, அடுத்தவர் முன்னே வைத்ததை ஒத்தது இச்செயல். இலைக்குரியவர் கறி இல்லையெனக் கூவுவார், கோது கூவாது.

மருந்தில்லாத ரவையாற் கேடு யாது என எண்ணற்க. தீமூட்டியின் சிறுவிசை மட்டும் சன்னத்தைத் தள்ளும். அது குழலின் நடுவே சென்று சிக்கி நிற்கும். அதனை அறியாது அடுத்த ரவையைச் சுட்டால், அடைபட்ட குழலினுள் அழுத்தம் மிகுந்து குழல் வெடிக்கலாம். கையும் கண்ணும் போகலாம்.

அவ்வாரப் போட்டியிலே அந்த ரவையின் முறை வந்தது. வெடிச்சத்தத்துக்கு மாறாக 'டப்' என்றொரு மெல்லொலி எழுந்தது. துப்பாக்கி தானாக அடுத்த ரவையை ஏற்றவில்லை. துப்பாக்கி தடைப்பட்டால் மேற்பாகத்தைப் பின்னிழுத்து உடனே சுடவேண்டும் என்று பழகிய கை, சிந்தனைக்கு முன்னரே அதனைச் செய்துவிட்டது. விரல் விசையைத் தொடும் வேளையில், பின்னின்ற நடுவர் "நிறுத்து" என்று உரக்கக் கூவினார். விரல் நின்றது. குழலை ஆராய்ந்தபோது சன்னம் உள்ளே சிக்கியிருக்கக் கண்டனர்.

அவ்விரவிலே கோத்த ரவைகள் இன்னும் முந்நூறுக்கு மேல் வீட்டிலே இருந்தன. அவற்றை நிறுத்துப் பார்த்தால் மருந்தில்லாததைக் கண்டுகொள்ளலாமே என யாம் கேட்டோம். இயலாது என்றார். கோதுக்குக் கோது நிறை சில கிறெயின் வேறுபடும், மருந்தோ அவ்வளவே. ஆதலின் நிறை உண்மையைக் காட்டாது. சுத்தியல் போன்ற கருவி ஒன்றினுள்ளே ரவையை இட்டுத் தட்ட, சன்னம் கழன்று வரும். மூன்று இரவுகள் இருந்து ஒவ்வொன்றாகத் தட்டிக் கழற்றினார். வேறு பிழை யாதும் இருக்கவில்லை.

அன்றிரவு தொலைபேசியில் அழைத்தவர் யார் எனக் கேட்டோம். அவர் உடனே விடை கூறவில்லை. பின்னர், "சேர், நீங்கள்தான். விழா மலருக்குக் கட்டுரை கேட்டு எடுத்தீர்கள்" என்றார். இங்கே காலைப்பொழுதாக இருந்தமையால், அங்கே இரவு என்பதையும், ஒருவர் கைவேலையில் இருப்பார் என்பதையும் எண்ணாமலே அழைத்திருந்தோம். பிழை தம்முடையதே என்றும், அழைப்பை எடுத்தது தாமே என்றும், எடுத்தாலும் தட்டிலுள்ள கோதுகளை நீக்கிவிட்டன்றோ மீண்டும் தொடங்கியிருத்தல் வேண்டும் என்றும் அவர் கூறினார். அது மெய்யே. ஆயினும் இக்கட்டுரையை எழுதும் கடமை எம்முடையதாயிற்று.

தெரியும்போது நோக்கவேண்டியவை

இனி, பொறி தெரிதல் பற்றி அவர் கண்ட முடிபுகளை நிரலே கூறுவாம்.

முதலாவது, தம் தேவையை அறிதல். திங்களுக்கு நூறு ரவை சுடுபவர்க்கு ஒருநிலைப் பொறியே போதும். இருநூறு முந்நூறு வேண்டுவோர்க்குச் சுழல்தலைப் பொறி பொருந்தும். ஆயிரத்தை அண்மித்தால் மட்டுமே தொடர்நிலைப் பொறி அதன் விலைக்கும் இடத்துக்கும் தகுதியாகும்.

இரண்டாவது, தட்டு நகரும் முறை. சில பொறிகளிலே கைப்பிடியின் இழுப்போடு தட்டுத் தானே நகரும். சிலவற்றிலே ஒவ்வொரு முறையும் கையால் நகர்த்தவேண்டும். டில்லனின் 550 இவ்வகையது. கையால் நகர்த்துவதிலே வேகம் குறைவு. ஆனால் யாதேனும் தடைப்பட்டால் நின்று சரிசெய்தல் எளிது. மறதியால் நகர்த்தாமலே மீண்டும் இழுத்தாலோ, ஒரே கோதிலே மருந்து இருமுறை விழும். மருந்து சிற்றளவினதாதலின் இரட்டிப்பு அளவும் பல கோதுகளிலே வழியாமல் அடங்கிவிடும். இது மருந்தில்லாமையினும் கொடிது. தானே நகர்வதிலே இம்மறதிக்கு இடம் குறைவு. ஆயின் இடையிலே சிக்கினால் எந்தக் கோது எந்த நிலையில் நிற்கிறது என்பதிற் குழப்பம் மிகும். ஆகவே எது சிறந்தது என்பதன்று வினா. தம் மனம் எவ்வகையிற் பிழை செய்யும் இயல்புடையது என்பதே வினா.

மூன்றாவது, நிலைகளின் எண்ணிக்கை. லீயின் புரோ 1000 மூன்று நிலையுடையதாகவும், டில்லனின் 550 நான்கு நிலையுடையதாகவும், ஹோர்ணடியின் லொக்-என்-லோட் ஐந்து நிலையுடையதாகவும் வெளிவந்தன. ஐந்தாம் நிலையாற் பெறும் பெரும்பயன் யாது? மருந்திடும் நிலைக்கும் சன்னம் அமரும் நிலைக்கும் இடையே மருந்தின் உயரத்தைச் சோதிக்கும் கருவி ஒன்றைப் பொருத்தலாம். மருந்து குறைந்தாலும் மிகுந்தாலும் அக்கருவிகளுட் சில ஒலியெழுப்பும். சில பொறியையே நிறுத்திவிடும். அன்றிரவு இத்தகைய கருவி இருந்திருப்பின் தமக்கு உதவியிருக்குமோ எனத் தாம் பலமுறை எண்ணிப் பார்த்ததாக எம் மாணவர் கூறினார். எடுத்த கோதை அக்கருவிக்கு முந்திய இடத்திலே வைத்திருந்தால் உதவியிருக்கும். பிந்திய இடத்திலே வைத்திருந்தால் உதவியிராது. கருவி மனிதனுக்குத் துணையே அன்றி மனிதனுக்கு மாற்றன்று.

நான்காவது, தீமூட்டியை ஊட்டும் முறை. பல பொறிகளிலே தீமூட்டிகள் ஒன்றன்மேலொன்றாகக் குழாய் ஒன்றினுள்ளே அடுக்கப்படும். ஒன்று வெடித்தால் மற்றவையும் வெடிக்கக்கூடுமாதலின், அக்குழாயைச் சுற்றி உருக்குக் கவசம் இருக்கின்றதா எனப் பார்த்தல் வேண்டும். எந்தப் பொறியாயினும் கண்ணாடி அணியாமற் கைப்பிடியைத் தொடலாகாது.

ஐந்தாவது, அளவு மாற்றும் வசதி. ஒருவரிடம் 9 மில்லிமீற்றர்த் துப்பாக்கியும் .45 துப்பாக்கியும் இருப்பின், ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறத் தட்டும் அச்சும் மாற்றவேண்டும். சில பொறிகளிலே இது சில நிமிட வேலை. சிலவற்றிலே அரைநாள் வேலை. டில்லனின் ஸ்குயார் டீல் போன்ற பொறி தனக்கே உரிய அச்சுகளையன்றி வேறு நிறுவனத்தார் அச்சுகளை ஏலாது. வாங்குமுன் இவற்றை வினாவி அறிதல் வேண்டும். தேய்ந்த உறுப்பைத் தந்துதவும் நிறுவனமா என்பதும் வினாவத்தக்கது.

ஆறாவது, பொறி நிற்கும் இடம். மேசை அசைந்தால் தட்டிலுள்ள மருந்து சிந்தும். ஆதலின் சுவரோடு பிணித்த கனத்த மேசை வேண்டும். அச்சின்கீழ் நிற்கும் கோதின் உள்ளே பார்க்கத்தக்க விளக்கு வேண்டும். மேசைமேல் ஒரு காலத்தில் ஒருவகை மருந்தே இருத்தல் வேண்டும். இருவகை இருப்பின் மாறி ஊற்ற நேரும். மருந்தையும் தீமூட்டியையும் அவை வந்த கலத்திலேயே, நெருப்புக்கும் பிள்ளைகளின் கைக்கும் எட்டாது வைத்தல் வேண்டும். சுட்ட கோதிலும் சன்னத்திலும் ஈயம் உண்டாதலின், அம்மேசையில் உண்ணலாகாது; எழுந்ததும் கையைக் கழுவுதல் வேண்டும். எவ்வளவு மருந்து இடுவது என்பதை, மருந்து செய்தோரும் சன்னம் செய்தோரும் வெளியிட்ட அட்டவணையிலிருந்தே அறிதல் வேண்டும். நண்பர் சொல்லை நம்பலாகாது.

முடிபு

இத்தனையும் கூறியபின், "அப்படியாயின் நீர் இப்பொழுது எதனைப் பயன்படுத்துகின்றீர்?" எனக் கேட்டோம். அந்நிகழ்ச்சிக்குப்பின் அவர் எளிய ஒருநிலைப் பொறி ஒன்றை வாங்கினாராம். ஆயிரம் ரவைகளை அதனிலே ஒவ்வொரு கருமமாகச் செய்து முடித்தாராம். கோது அச்சினுள்ளே புகும்போது கைக்குத் தெரியும் தடை எவ்வளவு, தீமூட்டி சரியாக அமர்ந்தால் எப்படி இருக்கும், பிழையாக அமர்ந்தால் எப்படி இருக்கும் என்பனவற்றை அந்த ஆயிரத்திலேயே கற்றாராம். அதன்பின்னரே மூடிவைத்த தொடர்நிலைப் பொறியை, சோதிக்கும் கருவி பொருத்தி, மீண்டும் திறந்தார். இப்பொழுது மணிக்கு நானூறு செய்யக்கூடிய பொறியிலே இருநூற்றைம்பதே செய்கின்றார். சன்னம் வைக்குமுன் ஒவ்வொரு கோதின் உள்ளேயும் அவர் கண் செல்கின்றது. தட்டிலிருந்து எடுத்த கோது எதுவாயினும் அதே இடத்துக்குத் திரும்புவதில்லை. வேறொரு கிண்ணத்துக்கே போகின்றது.

எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளை விரைந்து வாசிக்கும் பிள்ளையைக் கண்டு ஏங்குவதை வகுப்பறையிலே நாள்தோறும் காண்கின்றோம். விரைவு இழிந்ததன்று. ஆயினும் ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியே கண்ட கண்ணுக்கே விரைவு தீங்கின்றி வாய்க்கும். பல கருமங்களை ஒருங்கு செய்யும் பொறி, நம் கவனத்தையும் அவ்வாறே பெருக்கித் தருவதில்லை. நம் பிழையை மட்டும் விரைவாகப் பெட்டியிற் சேர்க்கும். ஆகவே பொறி தெரிவார், அது மணிக்கு எத்தனை செய்யும் என்று கேட்குமுன், அதனோடு தம் கண்ணும் கருத்தும் எவ்வளவு தூரம் உடன்செல்லும் என்று கேட்பாராக.

எம் மாணவருடைய தொலைபேசி இப்பொழுது வேலை நேரத்தில் அடுத்த அறையில் இருக்கின்றது. அண்மையிலே இம்மலர் பற்றி இருமுறை அழைத்தோம்; ஒலித்துக்கொண்டே இருந்தது, எவரும் எடுக்கவில்லை. மறுநாள் அவரே அழைத்து, "சேர், நேற்றுக் கோத்துக்கொண்டிருந்தேன்" என்றார். முன்னெல்லாம் மாணவர் அழைப்பை எடுக்காவிட்டால் யாம் வருந்துவதுண்டு. அன்று மகிழ்ந்தோம்.